பெட்டியில வெச்சிருக்காங்க

பிள்ளை பிறந்த வீட்டுக்குப் போன் போட்டு விசாரிப்பவர்கள் வழக்கமாகக் கேட்பது இரண்டு கேள்விதான். என்ன குழந்தை? எவ்வளவு எடை? இதற்கு நேர்ப்பதில் சொல்லாமல் "பெட்டியில வெச்சிருக்காங்க" என்று யாராவது சொன்னால் பேச்சு சட்டென்று அடங்கிவிடும். கேட்டவர் ஒரு "ஓ" போட்டுவிட்டு, எத்தனையாவது மாசம் என்பார். எட்டு என்றால் அதற்கும் கைவசம் ஒரு வசனம் இருக்கும்: ஏழாம் மாசத்துப் பிள்ளை பிழைச்சுக்கும், எட்டாம் மாசத்துப் பிள்ளை தங்காது.

அந்த வசனத்தை முதலில் ஒழித்துவிடலாம். அது உண்மையல்ல, நமக்கே உரியதும் அல்ல. ஹிப்பாக்ரட்டீஸ் பெயரில் வழங்கும் பழைய கிரேக்க மருத்துவ நூல்களில் எட்டாம் மாதக் கருவைப் பற்றியே தனியாக ஒரு நூல் இருக்கிறது. அதுவும் நம் பாட்டிகள் சொன்னதையேதான் சொல்கிறது. இரண்டாயிரம் வருடத்துக்கு மேலாக, ஒருவரையொருவர் பார்த்திராத ஊர்களில் எல்லாம் இந்தத் தவறு உயிரோடு இருந்திருக்கிறது. கருப்பையில் கூடுதலாகக் கிடைக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம்தான். ஏழைவிட எட்டு நிச்சயம் மேல். பாட்டிகள் வேறொரு கணக்கில் தவறவில்லை. பத்து மாதம் சுமந்து பெற்றாள் என்பது நான்கு வாரத்தை ஒரு மாதமாக வைத்தால் மிகச் சரி: நாற்பது வாரம். 37 வாரம் முடிவதற்குள் வந்துவிடுகிறவர்களைத்தான் மருத்துவம் குறைமாதக் குழந்தை என்கிறது. 2020இல் உலகம் முழுக்க அப்படி வந்தவர்கள் ஏறக்குறைய 1 கோடியே 34 லட்சம் பேர். பிறந்த பத்துப் பேரில் ஒருவருக்கும் சற்று மேல். இந்தியாவில் மட்டும் சுமார் 30 லட்சம். பெட்டியில் வைத்திருக்கிறார்கள் என்பது அப்படியொன்றும் அபூர்வமான செய்தி இல்லை.

ஒரு தாயை நினைத்துக்கொள்வோம். தலைப்பிரசவம், 29ஆவது வாரம், சிசேரியன், குழந்தை 1100 கிராம். பெயர் வேண்டாம், அந்த வார்டில் குழந்தைக்கும் பெயர் இல்லை. காலில் கட்டியிருக்கும் பட்டையில் "பேபி ஆஃப்" என்று போட்டு அம்மா பெயர்தான் எழுதியிருக்கும். மூன்றாம் நாள் தையல் வலியோடு சுவரைப் பிடித்துப் பிடித்து வருகிறாள். செருப்பை வெளியே விட வேண்டும். வளையல், மோதிரம், கைக்கயிறு எல்லாம் கழற்ற வேண்டும். முழங்கை வரை சோப்புப் போட்டு இரண்டு நிமிஷம் கழுவ வேண்டும். மேலே ஒரு கவுன். உள்ளே போனால், அவள் மனதில் வைத்திருந்த குழந்தை அங்கே இல்லை. மூக்கில் குழாய், வாய் வழியே வயிற்றுக்கு இன்னொரு குழாய், கையில் ஊசி, பாதத்தில் சிவப்பாக எரியும் ஒரு சின்ன விளக்கு. அந்தப் பாதமே அவள் கட்டைவிரல் நீளம்தான்.

"தொடலாமா சிஸ்டர்?"

"தொடும்மா. தடவாத. ஒரு கை தலையில, ஒரு கை காலடியில வெச்சு, அப்படியே அசையாம பிடிச்சுக்க."

அந்த ஒரு வரியில் பல வருட அறிவியல் இருக்கிறது. நாம் கொஞ்சுவதாக நினைத்து நீவிக்கொடுப்பது 29 வாரத் தோலுக்குக் கொஞ்சலாகப் படாது. தோலின் மேலடுக்கே இன்னும் சரியாகக் கெட்டிப்படவில்லை. வந்து விழும் உணர்ச்சியை அளந்து எடுத்துக்கொள்ள மூளையும் தயாரில்லை. வருடினால் கை காலை விரித்து உதறும், இதயத் துடிப்பு ஏறி இறங்கும். அசையாத கையோ, முந்தாநாள் வரை அதைச் சுற்றியிருந்த கருப்பைச் சுவரைப் போல. இரண்டு கைக்கும் நடுவே சுருண்டு அடங்கிவிடும். திரையில் ஆக்சிஜன் எண் மெல்ல மேலே போவதை அந்தத் தாய் தன் கண்ணாலேயே பார்க்கலாம்.

இந்தக் குழந்தையின் உடம்பில் உள்ள மொத்த ரத்தம் சுமார் 100 மில்லி. நம் வீட்டு காபி டம்ளரில் முக்கால்வாசிகூட வராது. பரிசோதனைக்கு எடுக்கும் ஒவ்வொரு சொட்டையும் சிஸ்டர்கள் கணக்குப் பார்ப்பது இதனால்தான். இந்தக் குழந்தைக்கு நடுக்கமும் தெரியாது. குளிர்ந்தால் நமக்கு உடம்பு நடுங்கிச் சூடேறுகிறது. பச்சிளங்குழந்தைக்கு அந்த வித்தை இல்லை. நிறைமாதக் குழந்தை கழுத்துக்குப் பின்னாலும் தோள்பட்டைகளுக்கு நடுவிலும் பழுப்புக் கொழுப்பு என்ற தனி எரிபொருளைச் சேர்த்துக்கொண்டு வருகிறது. அது பெரும்பாலும் கடைசி மாதங்களில் சேருவது. முன்னாலேயே கிளம்பி வந்தவனுக்கு அந்தக் கட்டுச்சோறு கிடைக்கவில்லை. மெல்லிய தோல் வழியே உடம்பின் ஈரம் ஆவியாகிப் போக, சூடும் கூடவே போகிறது. பெட்டி என்று ஒன்று பிறந்ததே இந்தச் சூட்டுக்காகத்தான்.

பெட்டி பிறந்த கதை கொஞ்சம் வேடிக்கையானது. பாரிஸ் மகப்பேறு மருத்துவர் ஸ்டெஃபான் டார்னியே ஒருமுறை ஊர் மிருகக்காட்சித் தோட்டத்துக்குப் போனார். அங்கே கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டி இருந்தது. குஞ்சுக்கு ஆகுமென்றால் பிள்ளைக்கு ஏன் ஆகாது என்று அதைச் செய்த ஓடீல் மார்த்தேனையே பிடித்து, குழந்தைகளுக்கு ஒன்று செய்துதரச் சொன்னார். 1880-81இல் அது பாரிஸ் மகப்பேறு மருத்துவமனைக்கு வந்தது. அடியில் வெந்நீர்த் தொட்டி, மேலே பிள்ளைகள். அவ்வளவுதான் யந்திரம். இரண்டு கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளில் நூற்றுக்கு 66 பேர் இறந்துகொண்டிருந்த இடத்தில் 38 ஆகக் குறைந்தது.

டார்னியேயின் சீடர் பியேர் புதேன் அந்த வேலையைத் தொடர்ந்தார். அவர் எழுதிய புத்தகம் 1900இல் வந்தது. அவர் கவனித்த ஒரு விஷயத்தை மற்றவர்கள் சௌகரியமாக மறந்துவிட்டார்கள்: பெட்டியில் பிள்ளையை விட்டுத் தாயை ஒதுக்கி வைத்தால், நாளாக நாளாக அவளுக்குப் பிள்ளைமேல் பிடிப்பே விட்டுப்போகிறது. அதனால் பெட்டியைக் கண்ணாடியில் செய்யச் சொன்னார், தாய்மாரை வந்து பாலூட்டச் சொன்னார். உலகம் பெட்டியை எடுத்துக்கொண்டது, தாயை விட்டுவிட்டது. அமெரிக்காவின் கோனி தீவுக் கேளிக்கைப் பூங்காவில் மார்ட்டின் கூனி என்பவர் 1903 முதல் 1943 வரை நாற்பது வருடம், ராட்டினத்துக்கும் வித்தைக் கூடாரங்களுக்கும் நடுவில், பெட்டிக்குள் குறைமாதக் குழந்தைகளை வைத்து டிக்கெட் போட்டுக் காட்டினார். கட்டணம் 25 சென்ட். கேட்க அருவருப்பாக இருக்கும். ஆனால் அந்தக் காசில்தான் குழந்தைகளுக்கு வைத்தியம் நடந்தது. பெற்றோரிடம் அவர் ஒரு பைசா வாங்கவில்லை. அன்றைய பல மருத்துவமனைகள் கைவிட்ட குழந்தைகள் அங்கே பிழைத்தன. ஆக, ஊரே வரிசையில் நின்று பார்த்தது. அதே காலத்தில் மருத்துவமனைகளில், தொற்று வந்துவிடும் என்று, பெற்றவள் ஜன்னலுக்கு வெளியே நிறுத்தப்பட்டாள்.

சூட்டைப் பெட்டி பார்த்துக்கொண்டது. மூச்சை அதனால் பார்த்துக்கொள்ள முடியவில்லை.

நுரையீரலுக்குள் காற்று போய்ச் சேரும் இடங்கள் திராட்சைக் கொத்துப்போல் சின்னச் சின்னக் குமிழ்கள். உள்சுவர் ஈரம். ஈரமான இரண்டு கண்ணாடித் துண்டுகளை ஒட்டிவைத்துவிட்டுப் பிரித்துப் பாருங்கள். எவ்வளவு இழுக்க வேண்டியிருக்கிறது! வெறும் தண்ணீரில் குமிழி ஊத முடியாது, சோப்புத் தண்ணீரில் ஊதலாம். சோப்பு செய்யும் அந்த வேலையை நுரையீரலில் செய்வது சர்ஃபேக்டன்ட் என்ற கொழுப்புப் பொருள். கருவில் ஆறாம் மாதவாக்கில் சுரக்கத் தொடங்கி, 34, 35 வாரத்தில்தான் போதிய அளவுக்கு வருகிறது. அது இல்லாத குழந்தைக்கு ஒவ்வொரு மூச்சும் புது பலூனை முதல் தடவை ஊதுவதுபோல. ஊதியது அடுத்த கணமே ஒட்டிக்கொள்ளும், மறுபடி முதலிலிருந்து. சில மணி நேரத்தில் களைத்துப்போகும்.

இதை மேரி எல்லன் ஏவரியும் ஜியர் மீடும் 1959இல் கண்டுபிடித்துச் சொன்னார்கள். காரணம் தெரிந்தது, மருந்து இல்லை. நான்கு வருடம் கழித்து, 1963 ஆகஸ்ட் 7 அன்று அமெரிக்க அதிபர் கென்னடிக்கு ஐந்தரை வாரம் முன்னதாக ஒரு மகன் பிறந்தான். பேட்ரிக் என்று பெயர். எடை இரண்டு கிலோவுக்கும் மேல். இன்றைக்கு நம் மாவட்ட மருத்துவமனை சிஸ்டர் அந்த எடையைக் கேட்டால் "நல்ல வெயிட்டும்மா" என்பார். உலகத்தின் மிகச் சக்திவாய்ந்த தகப்பனால் அன்று ஒன்றும் செய்ய முடியவில்லை. 39 மணி நேரத்தில் குழந்தை இறந்தது, இதே சர்ஃபேக்டன்ட் குறையால்.

வழி வேறொரு மூலையிலிருந்து வந்தது. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் கிரஹாம் லிகின்ஸ் பிரசவவலி எப்படித் தொடங்குகிறது என்று ஆடுகளிடம் ஆராய்ந்துகொண்டிருந்தார். தாயாட்டுக்கோ கருவுக்கோ ஸ்டீராய்டு செலுத்திய ஆய்வுகளில், பிழைக்கவே கூடாத அளவுக்கு முன்கூட்டிப் பிறந்த குட்டி ஒன்று மூச்சு விட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தார். அறுத்துப் பார்த்தால் நுரையீரல் ஓரளவு விரிந்திருந்தது. ஸ்டீராய்டு, நுரையீரலை அவசரமாக முதிரவைத்திருக்கிறது! 1972இல் அவரும் ராஸ் ஹௌவியும் அதைத் தாய்மார்களிடம் நிரூபித்தார்கள். முன்கூட்டியே வலி கண்டு வரும் கர்ப்பிணிக்கு நம்மூரில் "குழந்தையோட நுரையீரல் வளர ஊசி" என்று போடுகிறார்களே, அது அந்த ஆட்டுக்குட்டியின் கொடை. 1980இல் ஜப்பானின் டெட்சுரோ ஃபுஜிவாரா மாட்டு நுரையீரலிலிருந்து சர்ஃபேக்டன்டையே எடுத்துப் பத்துக் குழந்தைகளுக்கு மூச்சுக்குழாய் வழியே கொடுத்துக் காட்டினார்.

நம் தாயின் குழந்தைக்கு மூக்கில் இருக்கும் குழாய் இதோடு சேர்ந்தது. அதன் மறுமுனையைப் பின்தொடர்ந்து போனால் ஒரு தண்ணீர் பாட்டில். குழாய் தண்ணீருக்குள் ஐந்து சென்டிமீட்டர் முங்கியிருக்கிறது. குபுகுபுவென்று குமிழ் வருகிறது. அவ்வளவுதான் கருவி. எவ்வளவு ஆழம் முங்குகிறதோ அவ்வளவு அழுத்தம். குழந்தை மூச்சை வெளியே விட்டாலும் அந்த அழுத்தம் நுரையீரலை முழுக்க ஒட்டிப்போக விடாது. வாசலில் உட்கார்ந்திருக்கும் அப்பாமார்கள் இந்தச் சத்தத்தை முதலில் கேட்டுப் பயந்து, நாலாம் நாள் அதைக் கேட்காவிட்டால்தான் பயப்படுவார்கள்.

இன்னொரு மருந்தைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. குறைமாதக் குழந்தை சில நேரம் மூச்சு விடவே மறந்துவிடும். இருபது விநாடி வரை போனால் மானிட்டர் கத்தும். சிஸ்டர் வந்து உள்ளங்காலில் ஒரு சுண்டு சுண்டுவார். ஞாபகம் வந்தாற்போல் மறுபடி தொடங்கும். மூச்சை நடத்தும் மூளைப்பகுதி இன்னும் முதிராததே காரணம். அதற்குக் கொடுப்பது காஃபின், நம் காபியில் இருக்கும் அதே சரக்கு. எடைக்கு எடை பார்த்தால் முதல் வேளை அளவு, பெரிய ஆள் ஒருவர் ஒரே மூச்சில் ஆறேழு டம்ளர் காபி குடிப்பதற்குச் சமம். பெட்டிக்குள் இருப்பவன் அதைக் குடித்துவிட்டும் நன்றாகத் தூங்குவான்.

இதுவரை எல்லாம் டாக்டரும் சிஸ்டரும் செய்வது. தாய்? அவள் இன்னமும் பார்வையாளர் நேரத்துக்குக் காத்திருக்கிறாள். இது மாறிய கதைதான் எனக்கு இதில் எல்லாவற்றிலும் பெரிய ஆச்சரியம். மாற்றத்தைத் தொடங்கியது வசதியான நாடு எதுவும் அல்ல. ஆளும் கருவியும் போதாமல் தவித்த இரண்டு ஊர்கள்.

முதல் ஊர் கொலம்பியத் தலைநகர் போகோட்டா. அங்குள்ள தாய்சேய் மருத்துவமனையில் 1978இல் ஒரு பெட்டிக்குள் இரண்டு மூன்று குழந்தைகள். ஒன்றின் தொற்று மற்றதற்கு. பெற்றவர்கள் பலர் விட்டுவிட்டே போய்விட்டார்கள். எட்கர் ரேய் சனாப்ரியா என்ற டாக்டர் கங்காருவை யோசித்தார். அதன் குட்டி பாதி வளர்ச்சியில்தான் பிறக்கிறது. அதற்குப் பெட்டி ஏது? தாயின் பையில்தான் மீதி வளர்ச்சி. பெட்டி இல்லாவிட்டால் தாய்தான் பெட்டி என்று, குழந்தையை அவள் வெற்று நெஞ்சில் நிமிர்ந்த வாக்கில் தோலோடு தோல் படுக்கவைத்துக் கட்டினார். அடுத்த வருடம் ஹெக்டர் மார்த்தினெஸ் அவரோடு சேர்ந்தார். ஏழை நாட்டுக்கு இது போதும் என்கிற தொனியில்தான் வெளியுலகம் முதலில் இதைப் பார்த்தது.

இரண்டாவது, எஸ்டோனியாவின் தாலின். 1979இல் அங்கே குழந்தைகள் மருத்துவமனையில் நர்சுகள் போதவில்லை. ஆடிக் லெவின் என்ற டாக்டர் தாய்மாரை வார்டுக்குள்ளேயே தங்கவைத்து, துணி மாற்றுவது, பால் புகட்டுவது, சூடு பார்ப்பது எல்லாவற்றையும் அவர்களையே செய்யச் சொன்னார். நர்ஸ் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தார். பிற்பாடு கனடா டாக்டர் ஷூ லீ இதைப் போய்ப் பார்த்து டொரண்டோவுக்குக் கொண்டுவந்தார். கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்தின் 26 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் சோதித்த முடிவு 2018இல் வந்தது: பெற்றோர் கைப்படப் பார்த்துக்கொண்ட குழந்தைகளுக்கு எடை நன்றாக ஏறியது, பெற்றோரின் மனஅழுத்தம் குறைந்தது. அதற்கு ஒரு வருடம் முன்பே இந்திய அரசும் பிறந்த குழந்தைப் பிரிவுகளில் குடும்பத்தைப் பங்கேற்க வைக்கும் வழிகாட்டுதலை வெளியிட்டிருந்தது. காகிதம் எல்லா வார்டுக் கதவையும் திறந்துவிடவில்லை என்பது வேறு விஷயம்.

நெஞ்சில் கட்டினால் என்ன நடக்கிறது? அணைப்பு, பாசம் என்று மங்கலாகப் பேச வேண்டியதில்லை, அளந்தே பார்த்திருக்கிறார்கள். குழந்தை குளிர்ந்தால் தாயின் மார்புத் தோலின் சூடு ஏறுகிறது. குழந்தைக்குச் சூடு கூடினால் இறங்குகிறது. இரட்டைக் குழந்தைகளை ஆளுக்கொரு பக்கம் படுக்கவைத்துப் பார்த்தார்கள். இரண்டு மார்பும், தனித்தனியாக, அந்தந்தக் குழந்தைக்கு ஏற்ப வெப்பத்தை மாற்றிக்கொண்டன! வார்மர் என்ற சூடேற்றும் கருவியில் சென்சார் ஒட்டி, எண் அமைத்து, அலாரம் வைத்துச் செய்யும் வேலை அது. தாயின் தோலில் உள்ள சாதாரணக் கிருமிகள் முதலில் குடியேறிவிடுவதால் ஆஸ்பத்திரிக் கிருமிக்கு இடம் குறைகிறது. நெஞ்சு ஏறி இறங்குவதும் குழந்தையின் மூச்சுக்கு ஒரு தாளமாகிறது.

ஆனாலும் வெகுகாலம் ஒரு விதி இருந்தது: குழந்தை முதலில் தேறட்டும், பிறகு நெஞ்சில் போடலாம். அந்த விதியைச் சோதிக்க உலக சுகாதார நிறுவனம் கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா, இந்தியா ஆகிய ஐந்து நாடுகளில் ஆய்வு நடத்தியது. இந்தியாவின் பங்கு டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனை. ஒரு கிலோ முதல் 1.799 கிலோ வரை எடையுள்ள 3211 குழந்தைகள். ஒரு பிரிவுக்கு வழக்கமான முறை. மற்றதற்கு, தேறும்வரை காத்திராமல், பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே தாயின் அல்லது உறவினர் ஒருவரின் நெஞ்சு. நாளைக்குச் சராசரியாக 17 மணி நேரம். இதற்காகத் தாயின் கட்டிலையே தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் கொண்டுபோனார்கள். முதல் 28 நாளில் வழக்கமான பிரிவில் நூற்றுக்கு 15.7 குழந்தைகள் இறந்தன, நெஞ்சில் கிடந்தவர்களில் 12. நான்கு மரணத்தில் ஒன்று தவிர்ந்தது. பலன் இவ்வளவு தெளிவாகத் தெரிந்த பிறகு மற்றப் பிரிவுக்கு மறுப்பது நியாயமில்லை என்று ஆய்வையே பாதியில் நிறுத்திவிட்டார்கள். 2021இல் வெளியான இந்த முடிவுக்குப் பிறகு, 2022இல் உலக சுகாதார நிறுவனம் தன் பரிந்துரையை மாற்றியது: முடிந்த மட்டும் பிறந்த உடனே, நாளைக்கு 8 முதல் 24 மணி நேரம். அந்த அளவு பலன் ஒரு புது ஊசியால் வந்திருந்தால் அதன் விலையைப் பற்றி நாம் இன்றைக்குப் புலம்பிக்கொண்டிருப்போம்.

தாய் மட்டும்தான் என்றில்லை. அப்பா நெஞ்சும் ஆகும், பாட்டி நெஞ்சும் ஆகும். தீட்டு, பதினாறு கழியட்டும் என்று ஒதுங்கி நிற்கும் அப்பாக்களைச் சில சிஸ்டர்கள் ஒரே அதட்டலில் உள்ளே இழுத்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். "சட்டையக் கழட்டிட்டு உக்காருங்க சார், உங்க புள்ளதான்." முதல் பத்து நிமிஷம் மனிதர் மூச்சுவிடவே பயந்து விறைத்துப்போய் உட்கார்ந்திருப்பார். அரைமணி கழித்துப் பார்த்தால் இருவரும் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

அடுத்தது பால். உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றையும் முறைவைத்துச் செய்யும் சாமர்த்தியம் 34 வாரவாக்கில்தான் வரும். அதுவரை வயிற்றுக்குக் குழாய். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, முதலில் ஒன்றிரண்டு மில்லி. தாய்க்கோ பால் சுரக்கவே குழந்தை பக்கத்தில் இல்லை. பம்ப் வைத்தோ கையாலோ நாளைக்கு எட்டுத் தடவையாவது எடுக்க வேண்டும், இரவிலும். முதல் நாளில் முக்கி முக்கி எடுத்தால் ஒரு ஸ்பூன் வரும். அதைக் கொண்டுபோகக் கூச்சப்பட்டு, "இவ்ளோதான் வந்துச்சு சிஸ்டர்" என்று தாய்மார்கள் அழுவார்கள். அழ வேண்டியதில்லை. குறைமாதத்தில் பிரசவித்தவளின் பாலில் முதல் வாரங்களில் புரதம் கூடுதல். இவனுக்கு என்று அளந்து வைத்த பால்.

முதல் துளிகளை வயிற்றுக்குக்கூட அனுப்ப வேண்டாம். மஞ்சள் நிறச் சீம்பாலை ஊசிமருந்துக் குழலில் எடுத்து, இரண்டு கன்னத்துக்கு உள்ளேயும் ஓரிரு துளி தடவுகிறார்கள். நோய் எதிர்ப்புப் பொருள்கள் வாயின் சவ்வு வழியாகவே வேலை செய்யும் என்பது எண்ணம். நம் வீடுகளில் சேனை வைப்பது என்று ஒன்று உண்டு. நல்ல குணமுள்ள பெரியவர் ஒருவர் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டு நாக்கில் வைப்பார், அவர் குணம் பிள்ளைக்கு வரும் என்று. பச்சிளங்குழந்தைக்குத் தேன் ஆபத்து, சர்க்கரைத் தண்ணீர் தொற்றுக்கு வழி. அதை வார்டு வாசலில் தடுப்பது சரியே. சேனை வேண்டாம் என்றதும் முகம் சுளிக்கும் மாமியாரிடம், "வெக்கத்தான் போறோம்மா, தாயோட பாலு" என்று சொன்னால் எவ்வளவோ சுமுகமாக முடியும்.

தாய்க்குப் பால் வராவிட்டால் அடுத்து நல்லது இன்னொரு தாயின் பால். பால்பவுடரைவிட அதுவே மேல், குறிப்பாகக் குடல் அழுகல் நோயைத் தடுக்க. நாட்டின் முதல் தாய்ப்பால் வங்கி 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில் டாக்டர் அர்மிதா ஃபெர்னாண்டஸ் தொடங்கியது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளிலும் இப்போது இருக்கின்றன. கொடுத்த பாலை 62.5 டிகிரியில் அரைமணி நேரம் வைத்துக் கிருமி நீக்குகிறார்கள்.

குழாயிலிருந்து மார்புக்கு மாறும் இடைவெளியில் ஒரு பாலம் வேண்டும். இங்கே நம் சமையலறை சாமான் ஒன்று தலைகாட்டுகிறது: பாலாடை. சங்கு என்றும் சொல்வோம். கெண்டிபோல் நீண்ட மூக்குள்ள அந்தச் சின்னக் கிண்ணத்தின் மூக்கை உதட்டோரம் வைத்தால் குழந்தை தன் வேகத்தில் நக்கி விழுங்கிக்கொள்ளும். புட்டியைவிடக் கழுவ எளிது, ரப்பர் காம்புக்குப் பழகி மார்பை மறுக்கும் தொல்லை இல்லை. ஆங்கில மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளில் இந்தச் சொல் மொழிபெயர்க்கப்படாமல் அப்படியே "பாலாடை" என்றே வருகிறது. எவர்சில்வர் பாலாடையைக் கொதிக்கவைத்து எடுத்துக்கொண்டு வரும் பாட்டிக்கு இந்தப் பெருமை தெரியாது; தெரிந்தாலும் "இதுல என்ன இருக்கு" என்பாள்.

வார்டில் இன்னொரு பாடம் சத்தத்தைப் பற்றியது. இங்கே ஒலி 45 டெசிபெலுக்குள் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் பரிந்துரை. பெட்டியின் மேல் ஒரு ஃபைலைத் தொப்பென்று வைத்தாலே உள்ளே அது இடி. ஆனால் மௌனமும் சரியல்ல. கருவில் குழந்தை அம்மாவின் குரலையும் இதயத் துடிப்பையும் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது. அமெரிக்காவில் 40 குறைமாதக் குழந்தைகளிடம் ஓர் ஆய்வு: சிலருக்குத் தாயின் குரலையும் இதய ஒலியையும் பதிந்து நாளைக்கு மூன்று மணி நேரம் போட்டார்கள். ஒரு மாதம் கழித்து, வழக்கமான வார்டு ஓசையோடு இருந்தவர்களைவிட இவர்களுக்கு மூளையில் ஒலியைப் பகுக்கும் பகுதி பெரிதாக இருந்தது. நேரில் வந்து பேசும் தாய்க்குப் பதிவுக்கருவி எதற்கு? என்ன பேசுவது என்று திகைப்பார்கள். மளிகைக் கணக்குப் பேசினாலும் போதும். குழந்தைக்குப் பொருள் வேண்டாம், குரல்தான் வேண்டும்.

அடுத்த பாடம் வலி. 1980கள் வரை பச்சிளங்குழந்தைக்கு வலி தெரியாது என்று நம்பி, சரியான மயக்க மருந்து இல்லாமல் அறுவை செய்தவர்கள் இருந்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் கே.ஜே.எஸ். ஆனந்த் என்ற இளம் இந்திய டாக்டர், போதிய வலிமருந்து கொடுத்த குழந்தைகள் அறுவைக்குப் பின் நன்றாகத் தேறுவதை 1987இல் காட்டியபிறகுதான் அது மாறத் தொடங்கியது. தாய்மார்கள் இதை முன்பே சொல்லியிருப்பார்கள்; அவர்களை யாரும் கேட்கவில்லை. இன்று குதிகாலில் ரத்தம் எடுக்கும்போது குழந்தை தாயின் நெஞ்சில் கிடந்தால் வலியின் அடையாளங்கள் குறைவதை ஆய்வுகள் காட்டுகின்றன.

நாட்கள் போகும். முதலில் எடை குறையும், அது வழக்கம்தான் என்று யார் சொன்னாலும் தாய் மனம் ஆறாது. பிறகு ஒரு நாள் பத்து கிராம், மறுநாள் பதினைந்து. வீட்டில் பவுன் கணக்குத்தான் கிராமில் பார்த்திருப்பார்கள். இங்கேயும் அதே கவனம். வாசல் பெஞ்சில் ஒரு சங்கம் உருவாகியிருக்கும், "உங்களுது எவ்ளோ ஏறுச்சுக்கா?" என்பதுதான் காலை வணக்கம். நடுவில் ஒரு நாள் காய்ச்சல், மூச்சுத் திணறல், குழாய் திரும்ப வரும். ஒரு மாதம் ஆனதும் கண் டாக்டர் வந்து விழித்திரையைப் பார்ப்பார். அதைத் தவறவிடவே கூடாது. ஆக்சிஜனும் முதிராத ரத்தக்குழாய்களும் சேர்ந்து பார்வையையே பறித்துவிடலாம்; 1940களில் ஆக்சிஜனைத் தாராளமாகக் கொடுத்து ஆயிரக்கணக்கான குழந்தைகள் பார்வையிழந்தார்கள். சரியான வாரத்தில் பார்த்தால் லேசர் சிகிச்சையால் காப்பாற்றலாம்.

வீட்டுக்குப் போகும்போது இரண்டு வயதோடு போவான். பிறந்த தேதிக் கணக்கு ஒன்று, பிறந்திருக்க வேண்டிய தேதிக் கணக்கு இன்னொன்று. ஏன் இன்னும் குப்புற விழவில்லை, எதிர்வீட்டுப் பிள்ளை உட்கார்ந்துவிட்டதே என்று கேட்பவர்களிடம் இரண்டாவது கணக்கைச் சொல்ல வேண்டும். இரண்டு வயது வரைக்கும் டாக்டர்களும் அதைத்தான் பார்ப்பார்கள். கொலம்பியாவில் 1993 முதல் 1996 வரை நெஞ்சில் கட்டி வளர்த்த குழந்தைகளை இருபது வருடம் கழித்துத் தேடிப்பிடித்தபோது, மற்றவர்களைவிட அவர்கள் பள்ளிக்கு மட்டம் போட்டது குறைவு, மிகையான துறுதுறுப்பும் முரட்டுத்தனமும் குறைவு.

நம் தாய் ஐம்பத்தைந்தாம் நாள் ஆட்டோவில் ஏறுகிறாள். புடவைக்குள், நெஞ்சோடு கட்டியபடி. வீட்டிலும் தொடரச் சொல்லியிருக்கிறார்கள். எதுவரை சிஸ்டர் என்று அவள் கேட்டதற்குத் தேதி எதுவும் கிடைக்கவில்லை. இரண்டரைக் கிலோ நெருங்கும்போது அவனே சொல்வான் என்றார்கள். சொன்னான். ஆறேழு வாரத்தில் ஒரு மத்தியானம் கட்டிய துணிக்குள் நெளிந்தான், ஒரு கையை வெளியே உருவினான், உள்ளே தள்ளத் தள்ள முகம் சிவந்து கத்தினான். அவள் கட்டை அவிழ்த்து அவனைப் பாயில் போட்டாள். காலை உதைத்துக்கொண்டு, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.